தொழிற்சாலை கேட்டுக் கொழும்புக்குப் போகும் முன்: மட்டக்களப்பின் பன்னிரண்டு உள்ளூராட்சி மன்றங்களுக்கு ஒரு திறந்த மடல்

மட்டக்களப்பு மாநகர முதல்வருக்கும், ஏறாவூர், காத்தான்குடி நகரசபைகளின் தவிசாளர்களுக்கும், ஒன்பது பிரதேச சபைகளின் தவிசாளர்களுக்கும், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும்.

இந்த மாவட்டத்தில் சிறு தொழில் செய்பவர்களுக்குக் கணக்கு எழுதுவதும், வங்கிக் கடனுக்குத் திட்ட அறிக்கை தயாரிப்பதும் என் தொழில். அரிசி ஆலை, வெதுப்பகம், தளபாட வேலைத்தளம், தயிர் வியாபாரம், தையல் நிலையம் என்று பலருடைய கோப்புகளைச் சுமந்துகொண்டு உங்கள் அலுவலகப் படிகளில் ஏறி இறங்குகிறேன். 2023 மார்ச்சில் பழைய மன்றங்களின் காலம் முடிந்த பிறகு, இரண்டு ஆண்டுகளுக்கு மேல் சபைகளில் மக்கள் பிரதிநிதிகளே இருக்கவில்லை. 2025 மே 6 தேர்தலுக்குப் பிறகுதான் நீங்கள் வந்தீர்கள். உங்களில் பலர் மேடைகளில் சொன்ன ஒரு வாக்குறுதியை நான் மனதார வரவேற்கிறேன்: இங்கே தொழிற்சாலைகளைக் கொண்டு வருவோம், எங்கள் பிள்ளைகள் வேலை தேடி மத்திய கிழக்குக்குப் போகவேண்டியதில்லை என்ற வாக்குறுதி. அதை நீங்கள் நிறைவேற்ற வேண்டும் என்று விரும்புவதால்தான் இந்த மடல்.

முதலில் உங்கள் கையில் என்ன இல்லை என்பதைப் பார்ப்போம். ஒரு முதலீட்டாளரை வரிச் சலுகை காட்டி அழைக்க உங்களால் முடியாது. வருமான வரியும் வற் வரியும் உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தின் கையில். பெரிய திட்டங்களுக்குச் சலுகை கொடுப்பது முதலீட்டுச் சபை. உங்களுக்கு மிஞ்சுவது ஆதன வரி, வியாபார உரிமக் கட்டணம், சந்தை வாடகை போன்றவைதான். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின்படி ஒரு சாதாரண வியாபாரத்துக்கு ஓர் ஆண்டுக்கு அறவிடக்கூடிய உச்ச உரிமக் கட்டணம் ஆயிரம் ரூபாய். அந்த ஆயிரத்தை நீங்கள் முழுமையாகத் தள்ளுபடி செய்தாலும், அதற்காக ஒருவரும் கொழும்பிலிருந்தோ கனடாவிலிருந்தோ இங்கே வந்து ஆலை போடப்போவதில்லை.

இதை ஒரு குறையாக நான் நினைக்கவில்லை. சலுகைப் போட்டியில் இறங்கிய ஊர்களின் கதையையும் பார்க்க வேண்டும். அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலம் 2017இல் ஃபொக்ஸ்கொன் என்ற தாய்வான் மின்னணுப் பொருள் உற்பத்தி நிறுவனத்துக்கு ஏறத்தாழ 300 கோடி டொலர் சலுகை தருவதாக ஒப்புக்கொண்டது. 13,000 வேலை வரும் என்றார்கள். மவுண்ட் பிளெசன்ட் என்ற சிறிய ஊராட்சி காணிகளையும் வீடுகளையும் வாங்கி, வீதியும் குழாயும் போட்டுக் கொடுத்தது. 2021இல் ஒப்பந்தத்தைத் திருத்தி எழுதியபோது வேலைக் கணக்கு 1,454 ஆகியிருந்தது, மாநிலத்தின் சலுகையும் 8 கோடி டொலராகச் சுருங்கியது. ஆனால் வீட்டைக் கொடுத்துவிட்டுப் போன குடும்பங்கள் திரும்பவில்லை. பிற்பாடு அதே காணியில் ஒரு பகுதியை மைக்ரோசொஃப்ட் வாங்கியது உண்மை. அது முதல் ஒப்பந்தம் போட்டவர்கள் கணக்குப் போட்டு நடந்ததல்ல. அவ்வளவு பணமும் சட்ட ஆலோசகர்களும் உள்ள ஊருக்கே அந்த நிலை.

சரி, உங்கள் கையில் இருப்பது என்ன? காலம். ஒருவர் தொழில் தொடங்க விண்ணப்பித்த நாளிலிருந்து கதவு திறக்கும் நாள் வரை எவ்வளவு காலம் போகிறது என்பதில் பெரிய பங்கு உங்களுடையது. கட்டட வரைபட அனுமதி, வீதி எல்லைச் சான்றிதழ், கட்டி முடித்த பிறகு கொடுக்கும் இணக்கச் சான்றிதழ், வியாபார உரிமம் எல்லாம் உங்கள் மேசையில்தான் நிற்கின்றன. மாசு குறைந்த தொழில்களுக்கான சுற்றாடல் பாதுகாப்பு உரிமத்தை வழங்கும் அதிகாரத்தையும் மத்திய சுற்றாடல் அதிகார சபை உள்ளூராட்சி மன்றங்களிடமே ஒப்படைத்திருக்கிறது. இங்கே தொடங்கக்கூடிய சிறு தொழில்களில் மிகப் பல அந்த வகைக்குள் வருபவை.

காலம் எப்படிப் போகிறது என்பதற்கு ஒரு கோப்பின் கதையைச் சொல்கிறேன். கட்டாரிலிருந்து திரும்பிய ஒரு தம்பி. வாவிக்கு மேற்கே படுவான்கரையில் சொந்த ஊரில் இடியப்ப மா, வறுத்த மா அரைத்துப் பொதி செய்யும் ஒரு சிறு ஆலை போட நினைத்தார். இயந்திரத்துக்கு முற்பணம் கொடுத்துவிட்டார். நாலைந்து பெண்களிடம் வேலைக்கும் பேசி வைத்திருந்தார். வரைபடத்தைச் சபையில் கொடுத்தோம். சில வாரம் கழித்து, காணி உறுதிக் காணி அல்ல, அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணி, ஆகவே பிரதேச செயலகத்தின் சம்மதக் கடிதம் வேண்டும் என்றார்கள். நியாயமான கேள்விதான். முதல் நாளே கேட்டிருக்கலாம். அந்தக் கடிதம் வந்தபோது களப் பரிசோதனைக்கு வர வேண்டிய தொழில்நுட்ப உத்தியோகத்தர் வேறு வேலையில் இருந்தார். அவர் வந்து பார்த்த பிறகு, அந்த மாதத் திட்டமிடல் குழுக் கூட்டம் முடிந்திருந்தது. அடுத்த கூட்டத்தில் கோப்பு எடுக்கப்படவில்லை. ஏன் என்று எழுத்தில் யாரும் சொல்லவில்லை. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் இடமாற்றமாகிப் போனார், புதியவர் மறுபடி பார்க்க வேண்டும் என்றார். இதற்கிடையில் கடன் தவணை தொடங்கிவிட்டது, கையில் இருந்த சேமிப்பு வீட்டுச் செலவில் கரைந்தது. தம்பி இயந்திரத்தை விற்றுவிட்டு மறுபடி கட்டாருக்குப் போய்விட்டார்.

இந்தக் கதையில் யாரும் லஞ்சம் கேட்கவில்லை. யாரும் கெட்ட எண்ணத்தோடு நடந்துகொள்ளவும் இல்லை. ஒவ்வொரு உத்தியோகத்தரும் தன் பங்குக்கு விதிப்படிதான் நடந்தார். ஆனால் அந்தக் கோப்பு முழுவதற்கும் பொறுப்பாக ஒருவர் இருக்கவில்லை. எந்தத் திகதிக்குள் முடியும் என்று சொல்லக்கூடிய ஒருவரும் இருக்கவில்லை. தொழில் செய்பவன் மறுப்பைக்கூடத் தாங்குவான். மறுத்தால் வேறு இடம் பார்ப்பான், வரைபடத்தை மாற்றுவான். எப்போது பதில் வரும் என்று தெரியாத நிலையை அவனால் தாங்க முடியாது, ஏனென்றால் வட்டி ஒவ்வொரு மாதமும் வருகிறது.

ஆகவே உங்களிடம் நான் கேட்கும் முதன்மையான விடயம் இதுதான்: திகதி கொடுங்கள். விண்ணப்பம் வாங்கும்போதே தேவையான ஆவணங்கள் எல்லாவற்றையும் ஒரே தாளில் சொல்லி, இத்தனையாம் திகதிக்குள் பதில் என்று எழுதிக் கையொப்பமிட்ட துண்டு ஒன்றைக் கொடுங்கள். தாமதமானால் காரணத்தை எழுத்தில் கொடுங்கள். நிலுவையில் உள்ள விண்ணப்பங்களின் பட்டியலை, விண்ணப்ப இலக்கத்தையும் அது இப்போது எந்த மேசையில் இருக்கிறது என்பதையும் போட்டு, மாதாமாதம் அறிவித்தல் பலகையில் ஒட்டுங்கள். 2016இன் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒருவர் கேட்டால் எப்படியும் கொடுக்கவேண்டிய தகவல்தானே. கேட்கும் முன்பே கொடுத்தால் உங்களுக்கே பெருமை.

கேரளத்தில் என்ன செய்தார்கள் என்று பார்த்தேன். அங்கே 2019இல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். அதிக மாசு தராத சிறு தொழில் என்றால், விண்ணப்பித்ததற்கான ஒப்புகைச் சான்றிதழை வைத்துக்கொண்டே மூன்று ஆண்டு வரை தொழிலை நடத்தலாம், மற்ற அனுமதிகளைப் பிறகு எடுக்கலாம். நமக்கு அப்படி ஒரு சட்டம் இல்லை, அதை இயற்றும் அதிகாரமும் உங்களிடம் இல்லை. ஆனால் 2022-23ஐத் தொழில்முனைவோர் ஆண்டாக அறிவித்து, ஒரு லட்சம் புதிய தொழில்கள் என்று இலக்கு வைத்தபோது அவர்கள் செய்த இன்னொரு வேலை உங்களால் முடியும். உள்ளூராட்சி அமைப்புகளில் தொழில் தொடங்க வருபவருக்குக் கைகொடுக்கவென்றே இளைஞர்களை உட்கார வைத்தார்கள். எந்தப் படிவம், எந்த வங்கி, எந்தத் திணைக்களம் என்று பக்கத்தில் இருந்து சொல்லிக் கொடுப்பதுதான் அவர்களுடைய வேலை. நம் மாவட்டத்தில் பட்டதாரி அபிவிருத்தி உத்தியோகத்தர்கள் எத்தனை பேர் அரச அலுவலகங்களில் இருக்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். சபைக்கு ஒருவரை இதற்கென ஒதுக்கித் தரும்படி அரசாங்க அதிபரிடமும் உள்ளூராட்சி ஆணையாளரிடமும் கேளுங்கள். புதிய சம்பளம் தேவையில்லை, ஒரு மேசையும் ஒரு தொலைபேசியும் போதும்.

இனி நெல்லைப் பற்றி. தொழில் என்றதும் நாம் வெளியிலிருந்து வருவதையே பார்க்கிறோம், வயலில் நிற்பதைப் பார்ப்பதில்லை. உன்னிச்சை, உறுகாமம், நவகிரி, வாகனேரி என்று குளங்களின் கீழ் பெரும்போகத்தில் விளைகிற நெல் எங்கே போகிறது? அறுவடை இயந்திரம் வயலை விட்டு இறங்கும் முன்பே வெளி மாவட்டத்து லொறி வந்து நிற்கிறது. பெரும் பகுதி பொலன்னறுவைப் பக்கத்துப் பெரிய ஆலைகளுக்குப் போய், அரிசியாகிப் பொதியில் பெயர் அச்சடித்து நம் கடைகளுக்கே திரும்பி வருகிறது. குத்துகூலி, தவிடு, உமி, பொதி, போக்குவரத்து, அத்தனை வேலையும் அத்தனை வருமானமும் வெளியே. ஈர நெல்லை, வியாபாரி கேட்ட விலைக்கே விவசாயி கொடுப்பதற்கு முக்கியக் காரணம், அவரிடம் காயவிட இடமில்லை, வைக்க இடமில்லை. அறுவடைக் காலத்தில் படுவான்கரை வீதிகளில் ஒரு பக்கம் நெல் காய, மறுபக்கம் மோட்டார் சைக்கிளும் பேருந்தும் ஒதுங்கிப் போவதை நீங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறீர்கள். அதனால் விபத்தும் நடக்கிறது.

நெல் காயவிடும் தளம் கட்டுவது ஒரு பிரதேச சபையால் செய்யக்கூடிய வேலை. கொங்கிறீட் தளம், மழை வந்தால் மூட ஒரு கூரை, பக்கத்தில் ஒரு தராசு. சிறு கட்டணம் வாங்கலாம், அறுவடை இல்லாத மாதங்களில் அதையே வாரச் சந்தைக்கு விடலாம். காய்ந்த நெல் ஊரிலேயே இரண்டு மாதம் நின்றால் ஊரிலுள்ள சிறிய ஆலைக்காரர் விலை பேசி வாங்க முடியும். அந்த ஆலைக்காரரிடம் போய்க் கேட்டுப் பாருங்கள், அவருக்கு என்ன வேண்டும் என்று. என்னிடம் அவர்கள் சொல்வது ஏறத்தாழ ஒன்றுதான்: லொறி வந்து திரும்பக்கூடிய உள்வீதி, மழைக்காலத்தில் தண்ணீர் ஓட ஒரு வடிகான், உமிச் சாம்பலைக் கொட்ட ஓர் இடம், பெரிய இயந்திரம் ஓட்டத் திரி பேஸ் கரண்ட். கரண்ட் தவிர மற்ற மூன்றும் உங்கள் வேலை. கரண்டுக்கும் ஒரு வழி உண்டு. தனி ஒருவர் டிரான்ஸ்ஃபோமருக்குப் பணம் கட்டுவது முடியாத காரியம். ஒரே வீதியில் ஆலை, மரவேலைத்தளம், ஐஸ் கட்டி செய்பவர் என்று நாலு பேருடைய கோரிக்கையைச் சேர்த்து, பிரதேச ஒருங்கிணைப்புக் குழுவில் மின்சார சபை உத்தியோகத்தர் முன்னால் தவிசாளர் வைத்தால் அதற்கு இருக்கும் எடை வேறு.

ஏற்கனவே தொழில் செய்பவரைப் பார்க்காமல் புதியவரை அழைப்பதில் இன்னொரு பிழையும் இருக்கிறது. வெளியிலிருந்து முதலிட வருகிறவர் முதலில் விசாரிப்பது உங்களை அல்ல. காத்தான்குடியிலோ ஏறாவூரிலோ வாழைச்சேனையிலோ கடையும் ஆலையும் வைத்திருப்பவரைத்தான். "சபை எப்படி? வேலை நடக்குமா?" அந்தக் கேள்விக்கு அவர் சொல்லும் பதில்தான் உங்கள் விளம்பரம். ஆண்டுக்கு ஒருமுறையாவது உங்கள் எல்லைக்குள் உள்ள தொழில்காரர்களை அழைத்து, மாலை அணிவித்தல் எல்லாம் இல்லாமல், அவர்கள் சொல்வதைக் குறிப்பெடுங்கள்.

பெரிய தொழிற்சாலை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வந்தால் நல்லது. ஆனால் கிழக்கில் பெரியவை வந்த விதத்தையும் நாம் மறக்கக்கூடாது. வைக்கோலிலிருந்து கடதாசி செய்ய 1950களில் எழுந்த வாழைச்சேனைக் கடதாசி ஆலை ஒரு தலைமுறைக்குச் சோறு போட்டது. அது தள்ளாடியபோது அதைச் சுற்றியிருந்த ஊர்களுக்கு அதில் ஒரு சொல்லும் இருக்கவில்லை, ஏனென்றால் எல்லா முடிவும் கொழும்பில். அம்பாறையில் 2013இல் திறந்த ஒலுவில் துறைமுகத்தைப் பாருங்கள். துறைமுக வாய் மணலால் மூடிக்கொண்டது, கரை அரிக்கப்பட்டு ஒலுவில், நிந்தவூர்ப் பக்கத்து மக்கள் காணியையும் தென்னையையும் கடலுக்குக் கொடுத்தார்கள். வாகரையில் இல்மனைட் என்ற கனிம மணல் அகழ்வுக்கு எதிராக மக்கள் வீதிக்கு இறங்கினார்கள். ஒவ்வொன்றிலும் உள்ளூர் சபை கடைசியாகத்தான் கேள்விப்பட்டது போல இருந்தது.

இப்போது ஏறாவூர், புன்னைக்குடாப் பக்கத்தில் துணி உற்பத்திப் பூங்கா பற்றிய பேச்சு இருக்கிறது. ஆடைத் தொழிலுக்கு வேண்டிய துணியை இங்கேயே நெய்து சாயமிடுவது நாட்டுக்கு நல்ல யோசனை. ஆனால் சாயத் தொழில் தண்ணீரில் நடக்கும் தொழில். தமிழ்நாட்டின் திருப்பூர் அதில் பெரும் செல்வம் சேர்த்தது, நொய்யல் ஆற்றையும் இழந்தது. விவசாயத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயத் தண்ணீர் தேங்கியது, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. ஒரே நாளில் ஆயிரக்கணக்கானவர்களின் வேலை நின்றது. ஆற்றுக்கும் கேடு, தொழிலாளிக்கும் கேடு. ஏறாவூர் நகரசபையும் ஏறாவூர்ப்பற்றுப் பிரதேச சபையும் சேர்ந்து இப்போதே கேட்க வேண்டியவை உண்டு. தண்ணீர் எங்கிருந்து எடுக்கப்படும், கழிவுநீர் எந்த இடத்தில் எந்தத் தரத்தில் வெளியேறும், அதை மாதாமாதம் அளந்து யாருக்குக் காட்டுவார்கள், கரைவலை இழுப்பவரின் இடம் என்னாகும். இதைக் கேட்பது முதலீட்டை விரட்டுவது என்று உங்களுக்குச் சிலர் சொல்வார்கள். நம்பாதீர்கள். நல்ல நிறுவனத்துக்கு இந்தக் கேள்விகளுக்கான பதில் ஏற்கனவே தயாராக இருக்கும். ஏனென்றால் அவர்களுடைய துணியை வாங்கும் வெளிநாட்டு நிறுவனங்களும் இதையே கேட்கின்றன.

பாசிக்குடாவைப் பற்றி ஒரு வார்த்தை. சுற்றுலா அதிகார சபையில் பதிவு செய்த ஹோட்டல்களிடம் முந்திய ஆண்டு வரவில் ஒரு சதவீதம் வரை உரிமக் கட்டணமாக அறவிடப் பிரதேச சபைச் சட்டம் இடம் தருகிறது. கோறளைப்பற்றுப் பிரதேச சபைக்கு இது பெரிய விடயம். அது முறையாக மதிப்பிடப்படுகிறதா, வந்த பணம் அந்தக் கடற்கரையின் குப்பைக்கும் வீதி விளக்குக்கும் கல்குடா மக்களின் தேவைக்கும் போகிறதா என்று சபையில் கணக்கு வையுங்கள். தாங்கள் கொடுக்கும் பணம் கண்முன்னே வேலையாக மாறுவதைக் கண்டால் ஹோட்டல்காரர்களும் மனம் கோணாமல் கட்டுவார்கள்.

கடைசியாக, எனக்கு மிகவும் மனவருத்தம் தரும் விடயம். பன்னிரண்டு மன்றங்களும் பன்னிரண்டு தீவுகளாக நிற்கின்றன. தமிழ்ச் சபை, முஸ்லிம் சபை என்று வேறு பிரிந்து, எல்லைக் கல்லுக்கும் குப்பை கொட்டும் இடத்துக்கும் சண்டை பிடிக்கிறோம். தொழில் அப்படி இல்லை. வவுணதீவில் விளைந்த நெல்லை ஏறாவூர் வியாபாரி வாங்குகிறார், சித்தாண்டிப் பக்கத்துப் பால் காத்தான்குடியில் தயிராக விற்கிறது, ஆரையம்பதித் தையல்காரியின் சட்டை ஓட்டமாவடிக் கடையில் தொங்குகிறது. ஒரு பொதி செய்யும் நிலையம் போட வருபவருக்கு வாவியின் இந்தக் கரையா அந்தக் கரையா என்பது முக்கியமில்லை. அவருக்குத் தெரிய வேண்டியது எந்தக் காணி, எவ்வளவு தண்ணீர், எத்தனை பேர் வேலைக்கு வருவார்கள் என்பதுதான். அதைப் பன்னிரண்டு இடத்தில் அலைந்து கேட்க வைக்காதீர்கள். பன்னிரண்டு சபைக்கும் ஒரே விண்ணப்பப் படிவம், ஒரே ஆவணப் பட்டியல், வெற்றுக் கட்டடங்களும் குத்தகைக்கு விடக்கூடிய சபைக் காணிகளும் அடங்கிய ஒரே கையேடு இருக்கட்டும். ஒரு சபையின் எல்லைக்குள் தொழிற்சாலை வந்தால் வேலைக்குப் போகிறவர்கள் ஆறு சபைகளிலிருந்து பேருந்து ஏறுவார்கள்.

கிழக்கு மாகாண சபை 2017 செப்டெம்பரில் கலைந்ததிலிருந்து உங்களுக்கு மேலே மக்கள் தெரிவு செய்த மாகாண மன்றம் இல்லை. சட்டம் திருத்தவோ கட்டண உச்சத்தை உயர்த்தவோ நீங்கள் யாரிடம் போவது என்ற கஷ்டம் எனக்குப் புரிகிறது. அதனால்தான் சட்டத் திருத்தம் எதுவும் தேவைப்படாத விடயங்களாகப் பார்த்து எழுதியிருக்கிறேன்.

உங்கள் அடுத்த மாதாந்த அமர்வில் ஒரு பிரேரணை கொண்டு வாருங்கள். இன்றைய திகதியில் சபையில் நிலுவையில் உள்ள தொழில் சார்ந்த விண்ணப்பங்கள் எத்தனை, ஒவ்வொன்றும் எப்போது கொடுக்கப்பட்டது, ஏன் நிற்கிறது என்று செயலாளர் எழுத்தில் சபைக்கு வைக்க வேண்டும் என்ற பிரேரணை. அந்தப் பட்டியலில் மிகப் பழைய கோப்பை எடுத்து, அந்த விண்ணப்பதாரரைத் தவிசாளரே தொலைபேசியில் அழைத்துப் பேசட்டும். ஒரே ஆவணப் பட்டியல் தயாரிக்கும் வேலைக்கு ஆள் தேவை என்றால், நானும் என்னைப் போல் கோப்பு எழுதும் சிலரும் சம்பளம் இல்லாமல் வந்து உட்காரத் தயாராக இருக்கிறோம். எந்தச் சபை முதலில் அழைத்தாலும் வருகிறோம்.

இப்படிக்கு,
உங்கள் படிகளில் அடிக்கடி காணும் ஒரு கணக்கெழுத்தாளர்,
செங்கலடி.